பாறையைத் துளைத்த பழைய டிராக்டர்கள்

டிராக்டர் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது வயலும் உழவும்தான். தஞ்சாவூருக்கும் பஞ்சாபுக்கும் அது சரி. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வேறு மாதிரி ஒரு டிராக்டர் கண்ணில் படும். பெயின்ட் உரிந்த பழைய மேசி அல்லது மஹிந்திரா. பின்னால் கலப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்ப்ரசர், அதோடு ஒரு காற்றுத் தொட்டி, பக்கவாட்டில் சுருட்டி மாட்டிய ரப்பர் ஹோஸ், ஒன்றிரண்டு ஜாக்ஹாமர்கள். ஊரில் இதற்குப் பெயர் கம்ப்ரசர் வண்டி. தன் ஆயுளில் பாதியை ஒரு சால் கூட உழாமல் கழித்த டிராக்டர் இது!

உழுவதற்காக இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட ஓர் இயந்திரம் கொங்கு நாட்டில் கிணறு தோண்டும் இயந்திரமாக மாறியது எப்படி? இதற்குப் பதில் தேடினால் பஞ்சாலை, பஸ், மின்சாரம், பாறை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் பாறை. கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கோவையில் ஆண்டு மழை சராசரியாக 650 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான். நொய்யல், அமராவதி இரண்டும் வருடம் முழுவதும் கரை புரளும் ஆறுகள் இல்லை. பவானியை நம்பியவர்களுக்குக் கூட 1950-களில் கீழ்பவானித் திட்டம் வந்த பிறகுதான் கால்வாய்ப் பாசனம் விரிந்தது. மற்றவர்களுக்குக் கிணறுதான் எல்லாம். கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் மேட்டாங்காடு. ஒரு குடும்பத்தின் நிலை அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

அந்தக் கிணறும் சும்மா வராது. சில அடி மண்ணுக்குக் கீழே கெட்டியான பாறை. தண்ணீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். உளியும் சம்மட்டியும் வைத்துப் பாறையில் தமர் அடித்து, அதில் மருந்து கெட்டித்து வெடி வைத்து, கல்லைக் கூடையில் மேலே ஏற்றி... இப்படி ஒரு கிணறு முடிய வருடங்கள் ஆகும். தண்ணீரை இறைக்கக் கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க இறங்கப் பறி மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். கிணறு ஆழமாக ஆக மாட்டுக்கு நடை கூடும், தண்ணீர் குறையும். மாட்டின் கால்தான் கிணற்றின் ஆழத்துக்கு எல்லை வைத்திருந்தது என்று சொல்லலாம்.

இந்த எல்லையைத் தாண்ட முதலில் வந்தது ஆயில் எஞ்சின். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாணத்தில் எஞ்சின் பம்புகளைப் பரப்ப ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பாடுபட்டார். அடுத்தது மின்சாரம். 1932-இல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவைக்கு மின்சாரம் தாராளமாக வந்தது. பஞ்சாலைகள் பெருகியதும், தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஏறியதும் இதனால்தான்.

ஆலை என்றால் பழுது பார்க்க ஆள் வேண்டும். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று நடத்திய முதல் பஞ்சாலை 1888-இல் வந்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஆலையைச் சுற்றியும் லேத், வார்ப்படம், கொல்லுப் பட்டறை முளைத்தன. இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் கப்பலில் வரும்வரை ஆலையை மூடி வைக்க முடியுமா? உடைந்த பல்சக்கரத்தை மாதிரியாக வைத்து இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்பள்ளி தொடங்கியபோது கற்றுக்கொடுக்க வேண்டிய தொழில் தெருவிலேயே இருந்தது.

இந்த இடத்தில் ஜி.டி.நாயுடுவைச் சொல்லாமல் போக முடியாது. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம் அதை முழுவதுமாகக் கழற்றி மாட்டியது! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டினார். அதிலிருந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனம் வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் செய்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்டுபிடிப்புகளையே அதிகம் சொல்கிறார்கள். அதைவிட முக்கியமானது அவருடைய பஸ் பட்டறை என்று தோன்றுகிறது. வெளிநாட்டு இயந்திரம் என்று பயப்படாமல் கழற்றிப் பார்க்கும் துணிச்சல் அந்த மாதிரிப் பட்டறைகளில்தான் பழகியது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பஸ்ஸின் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். வயதானவர்களிடம் கேட்டால் கரி பஸ் கதை சொல்வார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குக்கு எஞ்சினை வேறு வேலைக்கு மாற்றுவது புதிய விஷயமே இல்லை.

இப்போது டிராக்டருக்கு வருவோம். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் டிராக்டர் தயாரிப்பே கிடையாது. 1947-இல் மத்திய அரசு தொடங்கிய மத்திய டிராக்டர் அமைப்பு, போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டிராக்டர்களை வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தது. பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவதில்தான் இந்திய டிராக்டர் வரலாறே தொடங்குகிறது! 1951-இல் நாடு முழுவதும் இருந்தவை சுமார் 8,600 டிராக்டர்கள். எல்லாம் இறக்குமதி.

உலகம் முழுவதும் அப்போது பேசப்பட்டது ஃபெர்குசன் டிராக்டர். அதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனும் நம் நாயுடு மாதிரிதான். பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய கார், சைக்கிள் பட்டறையில் மெக்கானிக்காகத் தொடங்கியவர். 1909-இல் தானே விமானம் செய்து அயர்லாந்தில் முதன்முதலில் பறந்தவர். கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல இழுக்காமல், மூன்று புள்ளிகளில் இணைத்து எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். உலகில் எந்த டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் இன்று அந்த மூன்று இணைப்புகளைக் காணலாம். 1946-இலிருந்து 1956 வரை டி.இ.20 என்ற அவருடைய சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1953-இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மேசி-ஹாரிஸுடன் இணைந்து, பிறகு மேசி ஃபெர்குசன் ஆனது.

1960-இல் சென்னையில் சிம்ப்சன் குழுமத்தினர் மேசி ஃபெர்குசனுடன் சேர்ந்து டாஃபே நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே 1960-இல் கோவையில் இன்னொரு நிறுவனம் பிறந்தது. எல்.ஜி.பாலகிருஷ்ணன் சகோதரர்கள் 1937-இலிருந்து பஸ் நடத்திய குடும்பம். அவர்கள் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ், பஸ் லாரிப் பட்டறைகளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்தது. வண்டியைத் தூக்கும் லிஃப்ட், காற்றடிக்கும் கம்ப்ரசர் போன்றவை. ஒரே வருடத்தில் சென்னையில் டிராக்டர், கோவையில் கம்ப்ரசர். யாரும் திட்டமிட்டதில்லை. ஆனால் கம்ப்ரசர் வண்டியின் இரண்டு பாதிகளும் இப்படி 300 மைல் இடைவெளியில் தயாராகிவிட்டன.

டாஃபே கொண்டுவந்தது மேசி ஃபெர்குசன் 35. பின்னாளில் இதுவே 1035 என்ற பெயரில் ஓடியது. அதில் இருந்த பெர்கின்ஸ் எஞ்சினின் பெயர் 3.152. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். லிட்டர் கணக்கில் சுமார் இரண்டரை. பெர்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னை செம்பியத்திலேயே சிம்ப்சன் செய்ததால் உதிரிபாகத்துக்குக் கஷ்டம் இல்லை. மஹிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் 1963-இல் கூட்டுச் சேர்ந்து பி-275 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. வடக்கே ஐஷர், எஸ்கார்ட்ஸ். இதோடு செக், ரஷ்ய வண்டிகளும் இறக்குமதி ஆயின.

ஆனால் கேட்டதும் டிராக்டர் கிடைக்கும் காலம் இல்லை அது. பசுமைப் புரட்சியின் வேகத்தில் எல்லாரும் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். விற்பனையையே அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டு ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. புது வண்டி கிடைக்காத ஊரில் பழைய வண்டிக்கு மதிப்பு ஏறும். ஏறினால் மெக்கானிக்குக்கும் ஏறும்.

கோவை விவசாயிகளிடம் டிராக்டர் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மின் கட்டண உயர்வை எதிர்த்து வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்தில், 1972-இல் விவசாயிகள் கோவை நகரை வண்டிகளால் நிரப்பினார்கள். நகரத்தை முடக்கிய அவை அத்தனையும் மாட்டு வண்டிகள். ஏர் இன்னும் மாட்டிடம்தான் இருந்தது, ஆனால் இறைப்பு மோட்டாருக்குப் போய்விட்டது. அதனால்தான் ஒரு யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசா ஏறியதற்கு ஊரே திரண்டது. 1970-இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள்.

சரி, பட்டறைக்குள் போவோம். இந்தப் பழைய எஞ்சின்கள் திரும்பத் திரும்ப உயிர் பெறுவதற்குக் காரணம் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. கிராங்க் தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் பத்துப் பங்கு கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடலாம். அடுத்த முறை இருபது, அதற்கடுத்து முப்பது. ஆக ஒரு கிராங்குக்கு மூன்று மறுபிறவி உண்டு. சிலிண்டரில் லைனர் தேய்ந்தால் பழையதை அழுத்தி எடுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் கடையில் கிடைக்கும். கிடைக்காததை லேத்காரர் கடைந்து கொடுப்பார். டீசல் பம்பும் நாசிலும் மட்டும் தனிக் கலை. தூசி படாத அறையில் அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் போக வேண்டும். கணினி எதுவும் இல்லாத எஞ்சின் என்பதால் காது கூர்மையாக இருந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

வணிகவியல் வகுப்பில் தேய்மானத்துக்குக் குறைந்துசெல் மதிப்பு முறை என்று ஒன்று சொல்லித் தருவார்கள். அந்தக் கணக்கில் ஓர் இயந்திரத்தின் புத்தக மதிப்பு வருடா வருடம் குறையுமே தவிர பூஜ்யத்தைத் தொடவே தொடாது. தேர்வுக்குப் படிக்கும்போது விசித்திரமாக இருக்கும். கொங்கு நாட்டு டிராக்டரைப் பார்த்தால் அது சரிதான் என்று புரியும்.

அப்படியும் ஒரு கட்டத்தில் டிராக்டர் உழவுக்கு லாயக்கில்லாமல் போகும். ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்காது. கியர் நழுவும். டயர் மொட்டையாகிவிடும். சட்டிக் கலப்பையை மாட்டினால் இழுக்க முடியாது. இந்த வண்டியை எடைக்குப் போடுவதா? இங்கேதான் கம்ப்ரசர் வருகிறது.

டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. என்ற ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினின் சுழற்சியை வேறு கருவிக்குக் கொடுக்கும் தண்டு அது. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது உலகப் பொது அளவு. அதில் பெல்ட் புல்லி மாட்டிக் கம்ப்ரசரைச் சுற்றவிட்டால் காற்று தொட்டியில் நிரம்பும். ஜாக்ஹாமருக்குச் சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு அழுத்தம் போதும். கிணற்று மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹோஸை உள்ளே இறக்கினால் வேலை ஆரம்பம். யோசித்துப் பாருங்கள்: இந்த வேலைக்கு ஹைட்ராலிக் வேண்டாம், கலப்பை இழுக்கும் பலம் வேண்டாம், டயர் கிணறு வரை போய்ச் சேர்ந்தால் போதும். நல்ல எஞ்சின் ஒன்றுதான் தேவை. எஞ்சினைத்தான் நம் பட்டறைகள் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பித்துவிடுமே! உழவுக்கு ஆகாத வண்டி கிணற்றுக்கு முழுத் தகுதியுள்ள வண்டி.

அந்த எஞ்சினுக்கு வேலையும் கொஞ்சமல்ல. உழவில் வண்டி திரும்பும்போது எஞ்சினுக்குச் சிறிது ஓய்வு. கம்ப்ரசரில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க உறும வேண்டும். சுற்றிலும் கல்தூசி. எண்ணெயில் தூசியைப் பிடிக்கும் பழைய வகை ஏர் ஃபில்டரைத் தினமும் கழுவாவிட்டால் ரிங் சீக்கிரமே போய்விடும். எனவே கம்ப்ரசர் வண்டி அடிக்கடி பட்டறைக்கு வந்தது, பட்டறையும் பிழைத்தது.

1970-களிலும் 80-களிலும் இந்த வண்டிகள் கிணறு கிணறாகச் சுற்றின. சம்மட்டியால் நாள் முழுக்க அடித்த தமரை ஜாக்ஹாமர் நிமிடக் கணக்கில் முடித்தது. கூடையில் கல் சுமந்த இடத்தில் கிரேன் வந்தது. அதுவும் பழைய எஞ்சின், பழைய லாரியின் கியர்ப் பெட்டி, இரும்புக் கயிறு என்று உள்ளூர்ப் பட்டறையில் கட்டியதுதான். கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பரம்பரையாகக் கல்வேலையில் தேர்ந்த போயர் சமூகத்தார். வெடிக்காமல் தங்கிய தோட்டா, அறுந்து விழும் கயிறு, சரியும் பக்கச்சுவர் என்று ஆபத்துகள் மேலே தெரியும். தெரியாதது தூசி. சம்மட்டி எழுப்பாத அளவு நுண்ணிய கல்தூசியை ஜாக்ஹாமர் எழுப்பியது. உலர்ந்த பாறையைத் துளைக்கும்போது வரும் அந்தத் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். டிராக்டரின் எஞ்சினுக்கு ஃபில்டர் இருந்தது. ஜாக்ஹாமர் பிடித்தவருக்கு முகத்தில் கட்டிய துண்டுதான்.

மாட்டின் கால் வைத்திருந்த எல்லை இப்படியாக முற்றிலும் போயிற்று. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். அவரும் கம்ப்ரசர் வண்டியைக் கூப்பிடுவார். விவசாயத்துக்கு மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பிறகு எல்லாருக்கும் இலவசமானதும் இறைப்பதற்கு ஆகும் செலவும் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆழப்படுத்த மேலும் முடியாதபோது கிணற்றின் சுவரில் படுக்கை வசமாகத் துளை போட்டார்கள். சைடு போர் என்று பெயர். அதற்கும் அதே வண்டிதான்.

பிறகு வந்தது ஆழ்துளைக் கிணறு. காற்றழுத்தத்தால் கெட்டிப் பாறையை வேகமாகத் துளைக்கும் ரிக் இயந்திரங்களை 1967-இல் பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொழிலை நாடு முழுவதும் எடுத்துச் சென்றவர்கள் கொங்கு நாட்டின் திருச்செங்கோட்டுக்காரர்கள். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கூடத் தமிழ்நாட்டுப் பதிவெண் ரிக் லாரிகளைப் பார்க்கலாம். கிணற்றை அடிக் கணக்கில் விலை பேசும் ஊரில் இந்தத் தொழில் வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ரிக் லாரியின் முதுகில் உட்கார்ந்திருப்பதும் கம்ப்ரசர்தான், அளவு மட்டும் பல மடங்கு.

நூறு அடிக் கிணறு வற்றிய இடத்தில் ஆயிரம் அடி போர் போட்டார்கள். அதிலும் தண்ணீர் குறைவாக ஊறும் இடங்களில் கம்ப்ரசர் மூலம் காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரைக் கொப்பளிக்க வைத்து எடுக்கிறார்கள். கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பல பகுதிகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்த பகுதிகள் என்று அரசின் கணக்கெடுப்புகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. இதற்குப் பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த இயந்திரத்தைக் கேட்ட வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். ஆனால் அவர் அந்த வேலையை அவ்வளவு மலிவாகச் செய்து கொடுத்திருக்காவிட்டால், ஊர் கூடித் தண்ணீருக்கு ஒரு கணக்குப் போட்டிருக்குமோ என்ற கேள்வி வராமல் இல்லை.

வெட்டுக் கிணறு வேலை குறைந்ததும் கம்ப்ரசர் வண்டிகள் வேறு பிழைப்புத் தேடிக்கொண்டன. வீட்டு அஸ்திவாரத்தில் குறுக்கிடும் பாறை, ரோட்டை வெட்டிப் பைப் பதிப்பது, பழைய கான்கிரீட்டை இடிப்பது என்று. அதையும் ஜே.சி.பி.யின் கையில் மாட்டும் பிரேக்கர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. சில வண்டிகளில் கம்ப்ரசரை இறக்கிவிட்டு மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷினை மாட்டினார்கள். சிலவற்றில் தண்ணீர் டேங்கர். கிணறு தோண்டிய வண்டியே கிணறு வற்றிய தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறது. கோடை முற்றினால் அதற்கு ஒரு நாளில் ஓய்வே இருக்காது. பி.டி.ஓ. தண்டில் இப்போது சுற்றுவது டேங்கரின் பம்ப்.